ஊறல் தண்ணீரில் ஒரு கரண்டி

என் பிள்ளைக்கு,

நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி, கையைக் காட்டினார், முதுகெலும்பைக் காட்டினார். அதற்குமேல் சொல்லக் கூடாது என்பது சட்டம். நானும் கேட்கவில்லை. இதை நீ படிக்கும்போது வேலைக்குப் போகிற வயதாகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே கையில் கிடைத்தால் மடித்து வைத்துவிடு. வளர்ந்த பிள்ளைக்குத்தான் எழுதுகிறேன். சின்னப் பிள்ளையிடம் சொன்னால் அது உடனே என்னை மன்னித்துவிடும். அப்படி ஒரு மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

போன வாரம் வளைகாப்பு முடிந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல், கீபோர்டில் தட்டும்போதெல்லாம் சத்தம் போடுகிறது. நாளைக் காலை திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறேன், உன்னைப் பெற்றெடுக்க. போவதற்கு முன் இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு ஆவணத்தை அனுப்பியாக வேண்டும். அது ரெடியாக இருக்கிறது. காலையிலிருந்து அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமும் கேட்க முடியவில்லை என்பதால் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் என் வேலை. தஞ்சாவூருக்கு வெளியே, ஓடாமல் கிடந்த ஒரு ரைஸ்மில் கொட்டகையில் எங்கள் கம்பெனி இருக்கிறது. மில்களில் மிஞ்சும் குருணையையும் தவிட்டையும் வாங்கி, ஊற வைத்து, வேக வைத்து, தட்டுகளில் பரப்பி, சாப்பிடத் தகுந்த ஒரு பூஞ்சையின் வித்தைத் தூவுவோம். இரண்டு நாளில் அது வெள்ளை வெளேரென்று படர்ந்து, அரிசியை இறுக்கிப் பிடித்து, பனீர் மாதிரி ஒரு கட்டியாகிவிடும். அதில் புரதம் அதிகம், தண்ணீர்ச் செலவும் குறைவு. இறைச்சிக்குப் பதிலாக நகரங்களில் வாங்குகிறார்கள். இங்கே ஆராய்ச்சிக்கும் தினசரி உற்பத்திக்கும் நான்தான் தலைமை. விசிட்டிங் கார்டில் அது நீளமாக ஆங்கிலத்தில் இருக்கிறது, யாரிடமும் நீட்டியதில்லை. உன் தாத்தாவிடம் யாராவது கேட்டால், "அரிசி கம்பெனில ஆபீசரு" என்பார். என்ன செய்கிறீர்கள் என்று அவர் ஒருமுறை வந்து பார்த்தார். தட்டைப் பார்த்துவிட்டு, "பூசணம்ல பூத்திருக்கு? கொட்டிடலாமேம்மா" என்றார். அதுதான் சரக்கு என்று சொன்னதும் கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது வசந்தி.

வசந்தியும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. கணக்கில் அவள் எனக்கு முன்னால். பதினொன்றாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். அவள் வீட்டில் பஸ்ஸில் அனுப்ப மாட்டேன் என்றார்கள், என்னை அப்பா சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்த சைக்கிள் மட்டும்தான் என்று நான் அடிக்கடி நினைப்பேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அவள் எங்கள் கொட்டகையில் ஊறல் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். மற்றவர்கள் இருக்கும்போது "மேடம், தொட்டி ரெடிங்க மேடம்" என்று ராகம் போடுவாள். யாரும் இல்லாவிட்டால், "ஏண்டி, சாப்பிட்டியா இல்லியா? உள்ள ஒண்ணு ஒக்காந்துக்கிட்டு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்பாள். அந்த ஒன்று நீதான்.

கடந்த மார்கழியில் எங்கள் தட்டுகள் வரிசையாகக் கெட்டன. பூஞ்சை படர்வதற்கு முன் வேறு ஏதோ முந்திக்கொண்டு, அரிசி பிசுபிசுவென்று நூல் விட்டது. தினமும் காலையில் தட்டுகளைக் குழியில் கொட்டிவிட்டு வந்து உட்கார்வேன். கம்பெனியைத் தொடங்கியவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சொல்வார். எனக்கு அது வரவில்லை, சார்தான். அவர் காரணம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. "தொட்டி சரியாகக் கழுவப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது. தொட்டியில் பழைய தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாது, கொதிநீர் விட்டு மூன்று முறை கழுவ வேண்டும், மீறினால் வேலை போகும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். பெண்கள் அதைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். வசந்தி மட்டும் நின்று இரண்டாம் முறை படித்தாள்.

அதே வாரத்தில் ஊறல் நேரத்தை எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரமாக்கினேன். கொஞ்ச நாளில் தட்டுகள் தேறிவிட்டன. தை பிறந்தபோது ஒரு தட்டுகூடக் கெடவில்லை. தொட்டித் தண்ணீரில் மீட்டரை விட்டால் நல்ல புளிப்பு காட்டியது, அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி வளராது. கூடுதல் நேரம் ஊறியதால் வந்த புளிப்பு என்று நான் முடிவு கட்டினேன். வீடியோ மீட்டிங்கில் அதைப் படம் போட்டு விளக்கினேன். நான் மீட்டிங்கில் பேசுகிறவள் இல்லை. மைக்கை அணைத்துவிட்டு மனதுக்குள் பதில் சொல்கிறவள். அன்றைக்கு மட்டும் பேசினேன், நிறுத்தாமல் பேசினேன். முடித்ததும் பெட்டி பெட்டியாகத் திரையில் இருந்த முகங்கள் கைதட்டின. அந்தக் கைதட்டலை நான் பல நாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதை நம்பித்தான் இன்னொரு மாவட்டத்தில் இரண்டாவது கொட்டகை தயாராகியிருக்கிறது. அடுத்த வாரம் அங்கே முதல் தட்டு. நான் எழுதும் ஆவணத்தைப் பார்த்துத்தான் அங்கே வேலை நடக்கும்.

பிறகு நீ வந்தாய். உன்னோடு ஒரு மூக்கும் வந்தது. மூன்றாம் மாத மசக்கையில் வந்தது இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டுத் தாளிப்பில் எத்தனை மிளகாய் என்று சொல்லிவிடுவேன். இரண்டு வாரத்துக்கு முன் வசந்தி மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயில் கீழ்வேளூர் பக்கம் என்று மூன்று நாள் லீவு போட்டாள். சேர்ந்தாற்போல் அவள் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. அந்த மூன்று நாள் தட்டுகளும் மார்கழியில் போலவே நூல் விட்டன. நான்காம் நாள் காலை ஊறல் தொட்டி அருகே போனேன். நீராகார வாசனை வந்தது, இரவெல்லாம் பழைய சோற்றில் நின்ற தண்ணீரின் வாசனை. குருணையை அப்போதுதான் கொட்டியிருந்தார்கள், இன்னும் ஊறவே ஆரம்பிக்கவில்லை. தொட்டியில் அந்த வாசனை வர வழியே இல்லை. மூக்கு போன வழியில் நானும் போனேன். அது வசந்தியின் டிபன் கேரியரில் போய் நின்றது. மேல் அடுக்கைத் திறந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"என்னடி இது?"

"தண்ணி."

"என்ன தண்ணி?"

"லீவுக்கு முன்னாடி ஊறுன தண்ணி. ஒரு கரண்டி எடுத்து வச்சேன். வீட்டுல ஃபிரிட்ஜுல இருந்துச்சு."

"ஃபிரிட்ஜுலயா!"

"பின்ன, பரண்லயா வைப்பாங்க? மீன் கொழம்பு பக்கத்துல வைக்கல, பயப்படாத. மேல தனியாத்தான் இருந்துச்சு. எங்களுக்கும் கொஞ்சம் அறிவு இருக்கு."

"எத்தன நாளா இப்படிப் பண்ற?"

"மார்கழிலேர்ந்து. நீ டெய்லி தட்டக் கொட்டிட்டு எழவு விழுந்த மாதிரி ஒக்காந்திருந்த. குளிருக்கு மாவு பொங்கலன்னா பழைய மாவுல ஒரு கரண்டி விடுவோம்ல, அந்த மாதிரிதான் விட்டுப் பாத்தேன். மறுநாளு தட்டு நல்லா வந்துச்சு. அப்பறம் விடாம ஊத்துறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவள் சுவரைக் கரண்டியால் காட்டினாள். என் எழுத்து. பழைய தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. "சொல்லியிருந்தா விட்டிருப்பியா நீ?"

விட்டிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு என் அறைக்கு வந்துவிட்டேன். ஊற்று என்றும் சொல்லவில்லை, ஊற்றாதே என்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு சோதனை செய்தேன். இரண்டு வாளியில் அதே குருணை, அதே தண்ணீர், இரண்டிலும் பன்னிரண்டு மணி நேரம். ஒன்றில் மட்டும் அவளுடைய கரண்டி. கரண்டி விழுந்தது தேறியது, விழாதது நூல் விட்டது. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. என் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. கல்லூரியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது: சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது. நான் ஒன்றை மாற்றினேன். எனக்குத் தெரியாமல் அவள் இன்னொன்றை மாற்றினாள். பெயர் எனக்கு வந்தது.

இதில் யாருக்கும் கெடுதல் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் முதலில் கேட்பாய். ஒவ்வொரு முறை செய்ததும் வெளி ஆய்வகத்தில் சோதித்த பிறகே விற்பனைக்குப் போகும். எல்லா அறிக்கையும் சுத்தம். ஆனால் அந்தக் கரண்டியில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைச் சாப்பாட்டில் சேர்த்தது தப்பு. அதே தெரியாத ஒன்றுதான் சாப்பாட்டைக் காப்பாற்றியது. இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

ஆவணத்தில் ஆறாவது படி ஊறல். அங்கே இப்போது பன்னிரண்டு மணி நேரம் என்றுதான் இருக்கிறது. அப்படியே அனுப்பினால் புதிய கொட்டகையில் தட்டுகள் கெடும். அங்கேயும் ஊறல் தொட்டிக்குப் பெண்களை எடுத்திருக்கிறார்கள். நான் எழுதியதைப் போலவே யாராவது எழுதுவார்கள், தொட்டி சரியாகக் கழுவப்படவில்லை என்று. கரண்டியைப் பற்றி எழுதினால், எழுதி ஒட்டிய விதியை ஒருத்தி மார்கழியிலிருந்து மீறியிருக்கிறாள் என்று சேர்த்து எழுத வேண்டும். வசந்திக்கு இந்தச் சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது. பெயரை மறைத்து, கரண்டியை என் யோசனை என்று எழுதினால் அவள் வேலை தப்பும், ஆனால் அது இரண்டாவது திருட்டு. மஸ்கட்டில் இருக்கும் உன் அப்பாவிடம் போனில் சொன்னேன். "லீவுல போறப்ப எதுக்கு வம்பு? குழந்த பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம். அவங்க பேரு வெளிய வராம இருந்தா அவங்களுக்கும்தானே நல்லது?" என்றார். அவர் சொல்வதில் எங்கே தப்பு என்று என்னால் காட்ட முடியவில்லை. உன் அப்பா நல்லவர். நல்லவர்கள் சொல்லும்போது வாயை மூடிக்கொள்வது இன்னும் சுலபமாகிவிடுகிறது.

ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். இது உன் அப்பாவுக்கும் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டியிருந்தோம். அப்பா குத்தகைக்குச் செய்த நிலம். மழைக்காலம், வானம் ஒரு பக்கம் கருத்துக்கொண்டே வந்தது. ஈரம் பார்க்கும் கருவியோடு ஒரு இளைஞர் குவியல் குவியலாக வந்தார். ஒரே அவசரம், சுற்றிலும் சத்தம். பக்கத்துக் குவியலின் எண்ணை எங்கள் பெயருக்கு நேராகவும், எங்கள் எண்ணை அவர்கள் பெயருக்கு நேராகவும் எழுதிவிட்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கருவியில் வந்த எண்ணும் தெரிந்தது, நோட்டில் விழுந்த எண்ணும் தெரிந்தது. அண்ணே, மாத்தி எழுதிட்டீங்க. மொத்தம் மூன்று வார்த்தை. தொண்டை வரை வந்தது. சுற்றி ஆண்களாக நின்றார்கள். நான் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஈரம் அதிகமா இருக்கு பெரியவரே. காய வச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று மாலையே மழை பிடித்தது. தார்ப்பாயை மீறித் தண்ணீர் இறங்கி, அடியில் இருந்த நெல் முளை விட்டது. அது போனால் போகட்டும், அடுத்த போகத்தில் ஈடுகட்டிவிட்டோம். என்னால் மறக்க முடியாதது வேறு. அப்பா கையில் ஒரு பிடி நெல்லை வைத்துக்கொண்டு, "கைக்குக் காஞ்ச மாதிரிதாம்மா இருந்துச்சு. நம்ம நெல்லு ஈரந்தான் போலருக்கு" என்றார். அத்தனை வருடம் நெல்லை அள்ளிய கை, அன்றைக்குத் தன்னையே நம்பாமல் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "காஞ்சிருக்காம்மா?" என்று கேட்பார். காய்ந்திருக்கும். நான் தலையாட்டுவேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இப்போது மணி நாலு இருபது. நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

வசந்தியையும் அவளுடைய கரண்டியையும் என் அறைக்குக் கூப்பிட்டேன். மேஜையில் வித்து நிறுக்கும் தராசை வைத்தேன். அவள் கதவருகிலேயே நின்றாள்.

"என்ன மேடம், சீட்டக் கிழிக்கப் போறீங்களா?"

"உள்ள வாடி. ஒரு கரண்டின்னா எவ்வளவுன்னு பாக்கணும். எப்பவும் மாதிரி ஊத்து."

"இது என்ன, கொலுசு நிறுக்குற கடையா?" என்றாள். ஆனாலும் ஊற்றினாள். நான் குறித்துக்கொண்டு, கிண்ணத்தைத் துடைத்து, மறுபடி ஊற்றச் சொன்னேன். பத்து தடவை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவள் தராசைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே ஊற்றினாள். பத்து எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் இரண்டு கிராம் வித்தியாசம். எங்கள் வித்துப் பொட்டலங்களே அதைவிட ஏறி இறங்கும். தாளை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சராசரி போட்டியா?"

"இன்னும் இல்ல."

விரலைத் தாளில் ஓட்டிக்கொண்டே போய், நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். சரியாக இருந்தது.

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டல், புதிய கொட்டகை, ஐந்து மணி, எல்லாம். மார்கழியில் ஆதாரம் இல்லாமல் தொட்டி கழுவுகிறவர்கள்மேல் பழி எழுதினேன் என்பதையும் சொன்னேன். "அது தெரியும்" என்றாள். அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உன் பேர எழுதினா என்ன பண்ணுவாங்கன்னு தெரியல வசந்தி. சார் நல்லவருதான். ஆனா தெரியல. எழுதலன்னா..."

"எழுதலன்னா எனக்கு வேல இருக்கும். ஒனக்கும் இருக்கும்."

"ஆமா."

"அங்க எடுத்திருக்காங்களே பொம்பளைங்க, அவங்களுக்கு?"

நான் திரையில் ஆறாவது படியைத் திறந்தேன்.

அவள் கரண்டியை முந்தானையில் துடைத்தாள். வேலைக்கு நடுவில் அப்படித் துடைக்கக் கூடாது என்பதும் நான் போட்ட விதிதான். "என்னன்னு எழுதுவ?"

"நீ கண்டுபிடிச்சன்னு."

"ரூல மீறுனேன்னும் எழுது. ஒண்ண மட்டும் எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. ஒன் பேரு எங்க இருக்கு?"

"மேல. தயாரித்தவர்ன்னு."

"அதுக்குக் கீழயே போடு என் பேர. இனிஷியலோட. எஸ். பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டுல எப்படி இருக்கோ அப்படி."

ஆறாவது படியை மாற்றி எழுதினேன். கரண்டியின் எடையும் பத்து எண்களும் இரண்டு வாளிச் சோதனையும் சேர்த்தேன். இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று முழுதாகச் சோதிக்கும் வரை புதிய கொட்டகையில் தொடங்கக் கூடாது, இங்கேயும் நிறுத்திவைக்க வேண்டும் என்று எழுதினேன். மார்கழியில் நான் எழுதிய காரணத்துக்கு ஆதாரம் இல்லை என்றும், விதி மீறப்பட்டது தெரிந்தும் இரண்டு வாரம் நான் மறைத்தேன் என்றும் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியது நான்தான். ஆனால் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

பத்து நிமிடத்தில் சார் கூப்பிட்டார். வழக்கமாக நான் போனை அடிக்க விட்டுவிட்டு மெசேஜ் போடுகிறவள். எடுத்தேன்.

"என்னங்க இது? இத இப்பவா சொல்றது? திங்கக்கிழம அங்க மெஷின் ஓடணும்."

"ஓட்டக் கூடாது சார்."

"அந்தம்மா விஷயத்த திங்கக்கிழம பேசி முடிவு பண்ணுவோம். நீங்க லீவுல இருப்பீங்க, உங்கள தொந்தரவு பண்ணல."

"நான் வருவேன் சார். அவங்களப் பத்திப் பேசறதா இருந்தா நானும் இருக்கணும்."

"இந்த நெலமையிலயா?"

"பஸ் இருக்கு சார்."

போனை மேஜையில் வைத்தேன். வளையல் அத்தனையும் சத்தம் போட்டன. வசந்தி பார்த்துவிட்டு, "பஸ்ஸுல நிக்காத. ஏறுனதும் ஒக்காரச் சீட்டுக் கேளு. வாயத் தொறந்து கேளு" என்று சொல்லிவிட்டுத் தொட்டி கழுவப் போனாள். மூன்று முறை கொதிநீர் விடும் சத்தம் இப்போது கேட்கிறது.

நான் செய்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அவளுக்கு வேலை இருக்குமா, எனக்கு இருக்குமா, எதுவும் தெரியாது. உண்மையைச் சொன்னதால் அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று ஒரு பயம். முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை சிக்கல் ஆகியிருக்காதே என்று இன்னொரு பயம். நாளை ஊருக்குப் போனதும் உன் தாத்தாவிடம் அந்தக் கொள்முதல் நிலையத்து எண்ணைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா, மகள் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாளே என்று வலிக்குமா, அதுவும் தெரியாது. அவர் கை சரியாகத்தான் சொன்னது என்பது மட்டும் தெரியும். அதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு வேலை மட்டும் தருகிறேன். இதைப் படித்து முடித்ததும் என்னிடம் வந்து, வசந்தி அத்தை இப்போது எங்கே இருக்கிறார் என்று கேள். நான் உடனே பதில் சொன்னால், அது நல்ல பதிலோ கெட்ட பதிலோ, இந்தக் கடிதத்தை நீயே வைத்துக்கொள். நான் சாப்பிட்டாயா என்றோ வெயில் அதிகம் என்றோ பேச்சை மாற்றினால், இதை என் முன்னால் வைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாக என்னையே படிக்கச் சொல்.

உன் அம்மா